உறையின் பின்பக்கம்

1999-ல் நாங்கள் கலிபோர்னியாவின் சான் ரமோனுக்குக் குடிவந்தபோது டோஹர்ட்டி பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் மாடுகள்தான் மேய்ந்துகொண்டிருந்தன. இன்று நம்மவர்கள் நெருக்கமாக வாழும் அந்தக் குன்றுகள் கோடையில் வைக்கோல் நிறத்திலும், மழை பெய்தபின் பச்சையாகவும் சும்மா கிடந்தன. எங்கள் வாடகை வீடு ஊரின் தெற்கே, அல்கோஸ்டா பூலவார்டை ஒட்டி இருந்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கட்டிய தணிந்த கூரை வீடுகள். 1983-ல் சான் ரமோன் தனி நகரமாவதற்கு முன்பே வந்தவர்கள், வால்நட் தோப்புகளைக் கண்ணால் பார்த்தவர்கள், அந்தத் தெருக்களில் இருந்தார்கள். வயதாகி, வீட்டை விற்றுவிட்டுப் பிள்ளைகளிடம் கிளம்பும் காலம் அவர்களுக்கு. சனிக்கிழமை காலையில் யாராவது ஒருவர் கராஜ் கதவைத் தூக்கிவிட்டு வாசலில் சாமான்களைப் பரப்பியிருப்பார்.

அப்படியொரு வாசலில்தான் அந்த மூன்று அட்டைப்பெட்டிகளைப் பார்த்தேன். ஒன்றில் இசைத்தட்டுகள். மற்ற இரண்டிலும் 'கிட்டார் பிளேயர்' இதழ்கள், மாதவாரியாக, வரிசை கலையாமல். என்னால் அங்கிருந்து நகர முடியவில்லை.

அந்த இதழை நான் முதலில் பார்த்தது சென்னை மூர் மார்க்கெட்டில். 1985 மே மாதம் அது எரிந்துபோவதற்குச் சில மாதங்கள் முன்பு, பழைய புத்தகக் குவியலுக்குள், அட்டை கிழிந்த ஒரே ஒரு பிரதி. நாங்கள் நான்கு நண்பர்கள். நால்வருக்கும் சேர்த்து ஒரு கிட்டார். அந்தப் பிரதி எங்களுக்குள் கைமாறிக் கைமாறித் தாள் துணிபோல ஆகிவிட்டது. எந்தக் கலைஞர் எந்தத் தடிமனில் கம்பி போடுகிறார், எந்த ஆம்ப்ளிஃபயரில் வாசிக்கிறார், எந்த விரலை எப்படி மடக்குகிறார் என்று பக்கம் பக்கமாக இருக்கும். வாசிப்பவனை இவ்வளவு மதித்து ஒருவர் எழுதமுடியும் என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி. உள்ளே பத்திரிகையின் முகவரி: கூப்பர்டினோ, கலிபோர்னியா. பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தோம்.

அந்தக் கூப்பர்டினோ, நான் நின்றுகொண்டிருந்த வாசலிலிருந்து முக்கால் மணி நேரக் கார்ப் பயணம். 1967-ல் பட் ஈஸ்ட்மன் அந்த இதழைத் தொடங்கிய சான் ஹோஸே அதற்கு அடுத்த ஊர். கார்லோஸ் சந்தானா வளர்ந்த சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் வட்டாரம் மேற்கே. உலகத்தின் மறுகோடியாக நினைத்திருந்ததெல்லாம் பக்கத்து ஊர்களாகியிருந்தன.

மூர் மார்க்கெட் பிரதியில் ஒரு பக்கம் கிழிக்கப்பட்டு ஓரம் மட்டும் மிச்சமிருந்தது. அது என்னவென்று பதினைந்து வருடம் கழித்து அந்தப் பெட்டியைக் கிளறியபோதுதான் தெரிந்தது. எண்பதுகளில் சில இதழ்களுக்குள் தாள்போல வளையும் ஒரு பிளாஸ்டிக் இசைத்தட்டை வைத்துத் தைத்திருக்கிறார்கள். பாடத்தைப் படித்துவிட்டு அதே வாசிப்பைக் கேட்கலாம். வீட்டுக்கு வந்து ஒன்றைப் பிரித்து, வழுக்காமல் இருக்க மேலே ஒரு கால் டாலர் நாணயத்தை வைத்து, ஊசியை இறக்கினேன். கரகரப்புக்கு நடுவே கிட்டார் பேசியது. சென்னையில் இருந்த நண்பனுக்கு உடனே போன் செய்தேன். அங்கே நள்ளிரவு. திட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

பெட்டிகளைப் பிரிக்காமல் எடுத்துக்கொள்வதானால் இருபது டாலர் போதும் என்று அந்த வீட்டுப் பெரியவர் சொல்லியிருந்தார். இசைத்தட்டுப் பெட்டியில் சந்தானாவின் 'அப்ராக்சஸ்' இருந்தது. அதற்கும் அடியில், ஓரம் நைந்த உறையோடு 'சக்தி'.

1975 ஜூலை 5-ல் லாங் ஐலண்டின் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் பதிவு. அடுத்த வருடம் வெளியானது. ஜான் மெக்லாக்லின் கிட்டார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, ராம்நாட் ராகவன் மிருதங்கம், விக்கு விநாயக்ராம் கடம். ஐவரில் மூவர் நம் தமிழ் ஆட்கள். மெக்லாக்லின் அதற்கு முன் கனெக்டிகட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். வீணையில் மெட்டுகள் மெழுகின்மேல் உயர்ந்து நிற்பதால் கம்பியை இழுத்துக் கமகம் பிடிக்கலாம். கிட்டாரில் விரல் மரத்தில் போய் முட்டும். ஆகவே ஏப்ரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் அவருக்காக ஒரு கிட்டார் செய்தார்: மெட்டுகளுக்கு இடையே மரம் குழிவாகச் செதுக்கப்பட்டது, ஒலித்துளைக்கு மேலே குறுக்காக, கூடவே அதிர்ந்து ஒலிக்கும் ஏழு அனுசுரக் கம்பிகள் கட்டப்பட்டன. இந்த விஷயத்தைச் சென்னையில் எனக்கு யாரும் சொன்னதில்லை. அமெரிக்கப் புறநகர் ஒன்றின் கராஜில் கிடந்த பழைய தாள்களைத் தொட்டுத்தான் தேடிப்பிடித்தேன்.

அன்றிரவு உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இன்னார் இன்ன வாத்தியம் என்று அச்சில் இருந்தது. எனக்குச் சந்தோஷத்தைவிட ஆற்றாமைதான் அதிகம் வந்தது. நான் வளர்ந்த காலத்துத் தமிழ்த் திரைப்பட இசைத்தட்டு உறைகளில் நடிகர் இருப்பார், இசையமைப்பாளர் இருப்பார், கவிஞரும் பாடகரும் இருப்பார்கள். வாசித்தவர்களைப் பார்ப்பது அபூர்வம். 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தபோது 'இளைய நிலா'வின் கிட்டாரை யார் வாசித்தது என்று கேன்டீனில் சண்டையே போட்டிருக்கிறோம். ஊசியை எடுத்து எடுத்து வைத்து அந்தத் தட்டைத் தேய்த்தவர்கள் நாங்கள். அமெரிக்காவில் ஒருவர் எந்தக் கம்பி போடுகிறார் என்று தெரிந்த எங்களுக்குக் கோடம்பாக்கத்தில் வாசித்தவரின் பெயர் தெரியவில்லை. ஆர். சந்திரசேகர் என்று நான் அறிய இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அது மிகப் பெரிய அநீதி. இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

அதற்குப்பின் பல ஞாயிறுகள் 680 நெடுஞ்சாலையில் ஏறி, கால்டிகாட் சுரங்கப்பாதை கடந்து, பெர்க்லியின் டெலிகிராப் அவென்யூவுக்குப் போயிருக்கிறேன். அங்கே இரண்டு இசைத்தட்டுக் கடைகள்: 1971 முதல் ரஸ்புடின், 1990 முதல் அமீபா. தட்டுகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்து நின்றால் மதியச் சாப்பாடு மறந்துபோகும். ஆனாலும் அல்கோஸ்டா வாசலில் கிடைத்த அந்த மூன்று பெட்டிகளுக்கு ஈடு எதுவும் அங்கே கிடைக்கவில்லை.

மேய்ச்சல் குன்றுகளில் வீடுகள் வந்துவிட்டன. அந்தப் பெரியவரின் வீட்டில் இப்போது வேறு யாரோ. 2024 முடிவோடு 'கிட்டார் பிளேயர்' அச்சில் வருவது நின்றுபோனது. அதே ஆண்டு டிசம்பர் 15-ல் ஜாகிர் உசேன் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். அன்று சக்தியின் இரண்டு பக்கத்தையும் முழுக்கக் கேட்டேன்.

'பயணங்கள் முடிவதில்லை' தட்டு என்னிடம் இருக்கிறது. உறையின் பின்பக்கம் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்: கிட்டார், ஆர். சந்திரசேகர். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படித் தட்டுகள் இருக்கும். அந்தப் பாடல்களுக்கு வாசித்தவர்கள் சிலர் இன்னும் சென்னையில் இருக்கிறார்கள். போய்ப் பார்த்து, யார் எதை வாசித்தார்கள் என்று கேட்டு, உறையின்மேல் எழுதிவையுங்கள்.