குறைந்ததால் மிகுந்தது

இல்லாத ஒன்று நோய்க்குக் காரணமாகலாம் என்பதை நம் மனம் எளிதில் ஏற்பதில்லை. புற்றுநோய் என்றவுடன் வளர்ந்து பெருகிய ஏதோ ஒன்றையே எண்ணுகிறோம். அப்பெருக்கத்தின் பின்னே மிகச் சிறியதோர் இழப்பும் இருக்கக்கூடும் என்பதை நான் அறிந்தது என் தமையனார் வாயிலாகத்தான்.

மும்பையில் நெடுங்காலமாக வாழும் அவருக்கு, வெள்ளணுக்கள் மெல்லப் பெருகும் நாட்பட்ட இரத்தப் புற்றுநோய் கண்டது. மருத்துவரோ, "இப்பொழுது மருந்து வேண்டா, மூன்று மாதத்திற்கு ஒருமுறை வந்து இரத்தத்தைச் சோதித்துக்கொண்டால் போதும்" என்றார். புற்றுநோய்க்கு மருந்தில்லையா என்று வீடே திகைத்தது. ஊரிலிருந்து உறவினர் தொலைபேசியில் கடிந்துகொண்டனர். சோதனைத் தாளில், பதின்மூன்றாம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு அற்றிருப்பதாகக் கண்டிருந்தது. "தம்பி, மிகுந்துவிட்டது என்கிறார்கள்; குறைந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறார்கள். எது மெய்?" என்று அண்ணா கேட்டார். இரண்டும் மெய் என்பதே நான் படித்தறிந்த விடை.

உயிரணுவை ஒரு காரியாலயமாகக் கொள்வோம். அங்குள்ள மூல ஏடு டி.என்.ஏ.; அதிலிருந்து படியெடுத்து அனுப்பும் உத்தரவு தூது ஆர்.என்.ஏ.; அதன்படி செய்யப்படும் பொருள் புரதம். மனிதனுடைய மூல ஏட்டில் புரதத்துக்கான பகுதி நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. எஞ்சியதைக் குப்பை என்றே அறிஞர் பலர் ஒருகாலத்தில் கருதினர். ஆனால், புரதமாக மாறாத சிற்றிழைகளும் உயிரணுவில் பிறக்கின்றன. மைக்ரோ ஆர்.என்.ஏ. எனப்படும் அவை ஏறத்தாழ 22 எழுத்துகளே நீளமுள்ளவை. உத்தரவுத் தாளில் ஒட்டிக்கொண்டு, "போதும், நிறுத்து" என்று அதனைச் செல்லாததாக்குவது அவற்றின் தொழில். விக்டர் அம்ப்ரோஸ், கேரி ரவ்குன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் இதனைக் கண்டு 1993-இல் வெளியிட்டனர். 2024-இல் நோபல் பரிசு பெற்றனர்.

அண்ணாவிடம் அற்றிருந்த அதே துண்டு, இந்நோயாளிகளுள் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் இருப்பதில்லை. நோயைத் தடுக்கும் புரதம் ஒன்றின் குறிப்பு அங்கே இருக்குமென நெடுங்காலம் தேடியும் பயனில்லை. 2002-இல் கார்லோ குரோச்சே என்பவரின் குழுவினர் அங்கே கண்டவை மைக்ரோ ஆர்.என்.ஏ. 15, 16 என்னும் இரு சிற்றிழைகளே. பி.சி.எல்.-2 என்னும் புரதத்தை அவை அளவில் வைத்திருக்கின்றன என்பது 2005-இல் வெளியாயிற்று. அப்புரதம் உயிரணுவைச் சாகவிடாது. காவல் நீங்கியதும் அது மிகுகிறது. மடிய வேண்டிய வெள்ளணுக்கள் மடியாமல் திரள்கின்றன. "அப்படியானால், ஓய்வுபெறும் வயது கடந்தும் நாற்காலியை விடாத குமாஸ்தாக்கள் என்று சொல்!" என்று அண்ணா நகைத்தார்.

இத்துண்டை மட்டும் இழந்தோரிடம் நோய் பெரும்பாலும் மெதுவாகவே நடக்கிறது. தொடக்க நிலையிலேயே மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் ஆயுள் நீளவில்லை. பின்னர் வேண்டுமாயின், பி.சி.எல்.-2 புரதத்தையே தடுக்கும் வெனிட்டோகிளாக்ஸ் உண்டு. வேறு வழியில் நடந்த ஆராய்ச்சியால் விளைந்த அம்மருந்து 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

சிற்றிழையையே மருந்தாக்கலாகாதா? அஃது எளிதன்று. ஓர் இழை பல உத்தரவுகளைத் தொடுகிறது. எல்லா இழைகளும் காவலர் அல்ல, மைக்ரோ ஆர்.என்.ஏ. 21 பல கட்டிகளில் மிகுந்து, நம்மைக் காக்கும் புரதங்களையே அடக்குகிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. 34-இன் செயற்கை வடிவை நோயாளிகளுக்குச் செலுத்திய சோதனை, கடுமையான தீங்குகள் நேர்ந்தமையால் 2016-இல் நிறுத்தப்பட்டது.

ஆகவே, மருத்துவர் காத்திருக்கச் சொன்னால் கைவிட்டதாக எண்ணற்க. காரணத்தைக் கேட்டறிவதும், குறித்த நாளில் தவறாது சோதனைக்குச் செல்வதும், உடனே குணமென்று விளம்பரம் செய்வோரை விலக்குவதும் வீட்டாரின் கடமை. காத்திருப்பதும் சில சமயம் சிகிச்சையே.