குமிழிக் கூரைக்குக் கீழே ஒரு மோட்டார்

ஓடுவதற்காக அல்லாமல் பார்க்கப்படுவதற்காகவே ஒரு மோட்டார் காரைக் கட்டுவது என்பது கேட்பவர்களுக்கு முதலில் விபரீதமாகத் தோன்றலாம். ஆனால் இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, பழைய கார்கள் மலிந்து, இளைஞர்களின் கையில் கொஞ்சம் பணமும் நிறையப் பொழுதும் இருந்த தென் கலிபோர்னியாவில் அது ஒரு தனிக் கலையாகவே செழித்து வளர்ந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த காரின் சட்டத்தை வெட்டிக் குறுக்கி, கண்ணாடி நார் கொண்டு புதிய உடலை வார்த்து, எஞ்சினுக்குக் குரோமியப் பூச்சுக் கொடுத்து, அதைக் கண்காட்சி மண்டபங்களில் கயிறு கட்டி நிறுத்தினார்கள். ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். இந்தக் கலையில் பெரும் பெயர் எடுத்தவர்களுள் ஒருவர் எட் ராத். லாஸ் ஏஞ்சல்ஸை அடுத்த மேவுட்டில் பட்டறை வைத்திருந்த அவர், 1961ஆம் வருஷத்தில் படைத்த ‘பீட்னிக் பாண்டிட்’ என்ற கார், ஓல்ட்ஸ்மொபீல் ஒன்றின் குறுக்கப்பட்ட சட்டத்தின் மேல் எழும்பியது. கூரைக்குப் பதிலாக, உள்ளே இருப்பதெல்லாம் தெரியும்படியான ஒரு குமிழி. ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பதிலாக, திருப்புவதற்கும் வேகம் கூட்டுவதற்கும் பிரேக் போடுவதற்கும் ஒரே ஒரு கைப்பிடி. அந்த அசல் கார் இன்று நெவாடா மாகாணத்து ரீனோ நகரில் உள்ள தேசிய ஆட்டோமொபைல் மியூசியத்தில் இருக்கிறது.

கண்காட்சிக்குப் போக வசதியில்லாத சிறுவர்களுக்கும் அந்தக் கார் கிடைத்தது. வெனிஸ் என்ற கடற்கரைப் பகுதியில் இருந்த ரெவெல் கம்பெனியார் 1963இல் அதை 25இல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் துண்டுகளாக வார்த்துப் பெட்டியில் அடைத்து விற்றார்கள். பையன்கள் துண்டுகளை ஒட்டி, வர்ணம் பூசி, அலமாரியில் வைத்து அழகு பார்த்தார்கள். கையால் தள்ளினால் சக்கரம் உருளும். தானாக ஓர் அங்குலமும் நகராது.

அதே காலத்தில் இன்னொரு பொழுதுபோக்கும் அமெரிக்காவைப் பிடித்து ஆட்டியது. இங்கிலாந்தில் பிரெட் பிரான்சிஸ் என்பவர் 1957இல் ‘ஸ்கேலெக்ஸ்ட்ரிக்’ என்ற பெயரில் வெளியிட்ட மின்சார கார் பந்தய விளையாட்டு, அட்லாண்டிக் சமுத்திரத்தின் அமெரிக்கப் பக்கத்தில் பெரிய மண்டபங்களை நிரப்பும் வியாபாரமாகவே விரிந்துவிட்டது. பாதை நெடுக ஒரு மெல்லிய பள்ளம். அதன் இரு ஓரங்களிலும் மின்சாரம் பாயும் உலோகப் பட்டைகள். காரின் அடியிலிருந்து பள்ளத்துக்குள் இறங்கி வழிகாட்டும் ஒரு நாக்கு. அந்த நாக்கின் இரு பக்கமும் பட்டைகளை உரசி மின்சாரத்தை வாங்கி மோட்டாருக்குக் கொடுக்கும் செப்புப் பின்னல்கள். கையில் உள்ள கருவியின் விசையை அழுத்துகிற அளவுக்குத் தக்கபடி வேகம் கூடும், குறையும். 155 அடி நீளமும் எட்டுத் தடங்களும் கொண்ட ‘கிங்’ பாதைகளைச் சுற்றிப் பையன்களும் பெரியவர்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்ற அந்த மோகம், 1960களின் முடிவுக்குள் வந்த வேகத்திலேயே அடங்கிவிட்டது. மண்டபங்கள் மூடப்பட்டன, கலை மட்டும் வீடுகளின் பின்கட்டுகளில் பிழைத்துக்கொண்டது.

நான் பார்க்கப் போன பட்டறையும் அப்படிப்பட்டதுதான்: சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில், மரங்கள் அடர்ந்த ஒரு தெருவில், ஒரு வீட்டின் கார் கொட்டகை. வீட்டுக்காரர், விமானத் தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். அவருக்குத் துணையாக, பொய்ப்பல் செய்யும் பட்டறை ஒன்றில் நெடுங்காலம் உழைத்த ஓர் அம்மையாரும், வர்ண வேலையில் கைதேர்ந்த ஓர் இளைஞரும் இருந்தார்கள். அலமாரியில் நிற்பதற்கென்று பிறந்த மாடல்களுக்கு ஓட்டம் கொடுப்பதே இவர்கள் மேற்கொண்ட காரியம். பந்தயத்தில் ஜெயிக்கவேண்டும் என்பது அவர்கள் நோக்கமல்ல. அசல் கார் தெருவில் போனால் எந்தத் தோரணையில் போகுமோ அந்தத் தோரணையில் மாடலும் போகவேண்டும்; அதன் வெளித்தோற்றத்தில் ஒரு கோடுகூட மாறியிருக்கக் கூடாது.

மேஜையின் மேல் இருந்த பீட்னிக் பாண்டிட், யாரோ ஒரு சிறுவன் பல வருஷங்களுக்கு முன் அவசரத்தில் ஒட்டியது. இணைப்புகளெல்லாம் பசை வழிந்து, தூரிகையால் பூசிய வர்ணம் தடித்துக் கிடந்தது. இத்தகைய மாடலைக் கத்தியால் நெம்பிப் பிரித்தால் பிளாஸ்டிக் உடைந்துவிடும். ஆகையால் அதை ஓர் இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் வைக்கிறார்கள். குளிரில் பழைய பசை இற்றுப்போய், மறுநாள் காலையில் மெதுவாக முறுக்கினாலே இணைப்பு ‘டக்’கென்று விடுகிறது. சிறுவன் பூசிய வர்ணத்தைக் கரைத்து எடுத்த பிறகு, வார்ப்பிலிருந்து வந்த நாளில் இருந்த கூர்மையோடு உடல் வெளியே வருவதை நான் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

மூடிய கூரை உள்ள சாதாரணக் கார் மாடலுக்குள் மோட்டாரை மறைப்பதில் பெரிய கஷ்டம் இல்லை. ஜன்னலின் கீழ்விளிம்பு வரையில் உள்ளறையை வெட்டி எடுத்துவிட்டு, ஆழமில்லாத ஒரு தட்டை வைத்து, அதில் இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள ஒரு பொம்மையை ஒட்டினால், பார்க்கிறவன் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் குமிழிக் கூரை எதையும் மறைப்பதில்லை. இருக்கை, கைப்பிடி, தரை விரிப்பு யாவும் மேலிருந்தே தெரிகின்றன. முன்புறத்திலோ எஞ்சின் திறந்தே கிடக்கிறது. ஆகவே மோட்டாருக்கு எஞ்சிய இடம் இருக்கைக்குப் பின்னால், உடலின் பின்பகுதிக்குக் கீழே உள்ள சொற்ப வெளிதான்.

பெரியவர் ஒரு பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். அசலில் ஓர் அடி உயரம் என்பது இந்த அளவில் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். வழக்கமாக இம்மாதிரி கார்களில் போடும் சிறிய மோட்டாரின் தடிமன் ஏறக்குறைய 15 மில்லிமீட்டர். அதைவிட ஒல்லியான இன்னொரு வகைக்கு 12தான். பின் சக்கரத்தின் குறுக்களவு 28 என்று கொண்டால், இருசு தரையிலிருந்து 14 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். ஒல்லி மோட்டாரை அதே மட்டத்தில் நீளவாக்கில் படுக்கவைத்தால் அதன் முதுகு 20இல் நிற்கும். பின்தட்டுக்கும் அதற்கும் நடுவே காற்றுப் போக இடைவெளி கிடைக்கிறது. அந்த இடைவெளி அவசியம். ஏனெனில் நெடுநேரம் ஓடிய மோட்டார் சூடாகும், மாடலின் பிளாஸ்டிக்கோ கொதிநீரின் உஷ்ணத்துக்குக் குறைவிலேயே இளக ஆரம்பித்துவிடும்.

சட்டத்தை அவர் பித்தளைத் தகட்டிலும் உருக்குக் கம்பியிலும் செய்கிறார். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்த வேலை இது. ஓர் இரும்புப் பலகையில் ஆணிகள் பதித்து, முன் இருசும் பின் இருசும் இம்மியும் கோணாதபடி அவற்றில் பொருத்தி, நடுவில் தகட்டைக் கிடத்துகிறார். கம்பியின் முனையை உப்புத்தாளால் தேய்த்து, துருபோக்கும் திராவகத்தை ஒரு குச்சியால் தொட்டுவைத்து, பற்றவைக்கும் கோலைத் தகட்டின் மேல் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். ஈயத்தைக் கோலின் மேல் வைப்பதே இல்லை. தகடு சூடேறிய பின், கோலுக்கு எதிர்ப்பக்கத்தில் ஈயக்கம்பியைத் தொடுகிறார். அது ஒரு கணம் முத்தாகத் திரண்டு நின்று, சட்டென்று வெள்ளிக்கோடாக இணைப்பு நெடுகிலும் ஓடிப் படிகிறது. “ஈயம் தானாக ஓடவேண்டும், நாம் தள்ளினால் பிடிக்காது” என்றார் பெரியவர். வேலை முடிந்ததும் சோடா உப்புக் கரைத்த நீரில் சட்டத்தை முழுக்கிக் கழுவினார். திராவகத்தின் மிச்சம் தங்கிவிட்டால் சில மாதங்களில் பித்தளை பச்சை பூத்துப்போகும்.

மோட்டாரின் முனையில் ஒன்பது பற்கள் உள்ள சிறு பல்சக்கரம். பின் இருசில் முப்பது பற்கள் உள்ள கிரீடப் பல்சக்கரம். மோட்டார் பத்துச் சுற்றுச் சுற்றினால் காரின் சக்கரம் மூன்று சுற்றுத்தான் சுற்றும். டயர்கள் முழுவதும் மாற்றப்படுகின்றன. பெட்டியில் வந்த டயர்கள் கடினமானவை, பாதையைப் பற்றாதவை. அதுமட்டுமல்ல, அவற்றில் உள்ள எண்ணெய்ச் சத்து காலப்போக்கில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கையே அரித்துவிடும். அலுமினியத்தில் கடைந்த புதுச் சக்கரங்களுக்கு மெல்லிய ரப்பர் டயர் மாட்டி, மாடலின் சொந்தச் சக்கர முகப்புகளை மட்டும் காகிதக் கனத்துக்குத் தேய்த்து வெளியே ஒட்டுகிறார்கள். ஒட்டும் இடத்தில் குரோமியப் பூச்சைச் சுரண்டி எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் பசை பூச்சைப் பிடித்துக்கொண்டிருக்குமே தவிர, சக்கரத்தைப் பிடிக்காது.

இந்தப் பட்டறையில் என்னை மிகவும் கவர்ந்தது குமிழி செய்யும் வேலைதான். பழைய குமிழியை அவர்கள் ஓட்டத்துக்கு உபயோகிப்பதில்லை. அது தடித்தது, ஆகையால் கார் தலை கனத்துத் திருப்பத்தில் கவிழும். நொறுங்கும் தன்மையுள்ளது, ஆகையால் கவிழ்ந்ததும் முதலில் உடைவது அதுவே. எனவே அம்மையார் அதன் உட்புறத்தில் எண்ணெய் தடவி, பல் வேலைக்கு உபயோகிக்கும் பிளாஸ்டரைக் குழைத்து ஊற்றி, இறுகிய பிறகு வெளியே எடுத்து, விரல் நுனியில் ஒரு சொரசொரப்பும் தட்டாதவரை நீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்க்கிறார். பிறகு அந்தப் பிளாஸ்டர் மேட்டைப் பல் வைத்தியப் பட்டறைகளில் உள்ள ஒரு சிறு யந்திரத்தில் வைக்கிறார். மேலே சூடேற்றும் சுருள். நடுவே சட்டத்தில் இறுக்கிய நிறமற்ற பிளாஸ்டிக் தாள். கீழே காற்றை உறிஞ்சும் பம்பு. சூடு பட்ட தாள் அப்பளத்தைப் போல முதலில் நெளிந்து, பிறகு சமமாகி, நடுவில் மெல்லத் தொய்கிறது. எவ்வளவு தொய்ந்தபோது சட்டத்தை இறக்கவேண்டும் என்பதற்குக் கடிகாரம் உதவாது. அவர் தாளில் தெரியும் விளக்கின் பிம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிம்பம் நீண்டு வளைந்த கணத்தில் கைப்பிடியைக் கீழே அழுத்தினார். தாள் மேட்டின் மேல் உட்கார்ந்து, ஒரு மூச்சில் குமிழியாகிவிட்டது.

எட் ராத்தும் தம் அசல் காருக்கு ஏறக்குறைய இதே முறையைத்தான் கையாண்டார்; ‘பிட்சா’ சுடும் அடுப்பில் பிளாஸ்டிக் தகட்டை இளக்கி, காற்றை ஊதி அதைக் குமிழியாக்கினார் என்பது கார் கட்டுகிறவர்களிடையே பிரசித்தமான வரலாறு. அவர் மூச்சை உள்ளிருந்து ஊதினார், அம்மையார் கீழிருந்து உறிஞ்சுகிறார் என்பதுதான் வித்தியாசம். பெரிய காரைச் செய்தவனுடைய கை எந்த வழியில் போயிற்றோ அதே வழியில் சின்னக் காரைச் செய்கிறவரின் கையும் போவதைக் கண்டபோது, இதை வெறும் பொம்மை வேலை என்று சொல்ல எவருக்கும் மனம் வராது என்றே எனக்குத் தோன்றியது. குமிழியைப் பொருத்துவதற்கு அம்மையார் மரவேலைக்கான வெள்ளைப் பசையைத்தான் உபயோகிக்கிறார். உடனே ஒட்டும் பசையின் ஆவி பட்டால் தெளிவான பிளாஸ்டிக் பனி படர்ந்தாற்போல வெளுத்துப்போகும். பிறகு எவ்வளவு துடைத்தும் பயனில்லை.

உடலைச் சட்டத்தோடு இறுக்கிவிடுவதும் இல்லை. சிறு குழாய்களில் கம்பி முனைகளைச் செருகி, சற்றே அசையும்படி விடுகிறார்கள். பாதையின் அதிர்ச்சி சட்டத்தோடு நின்றுவிட, உடல் நிதானமாக மிதந்து வருகிறது. முன்பக்கம் தூக்கிக்கொள்ளாமல் இருக்க, வழிகாட்டும் நாக்குக்குப் பின்னால் ஈயத் தகட்டை வெட்டி ஒட்டுகிறார்கள்.

கொட்டகையின் மறுகோடியில் மரப்பலகையில் பள்ளம் தோண்டி, செப்பு நாடா ஒட்டிய பாதை இருந்தது. வழக்கமான 12 வோல்ட் மின்சாரத்தை எட்டுக்குக் குறைத்து, இளைஞர் விசையை மெல்ல அழுத்தினார். முதல் திருப்பத்திலேயே கார் பள்ளத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. பெரியவர் அதைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்து, செப்புப் பின்னல்களை நகத்தால் தட்டையாக்கி, இன்னொரு துண்டு ஈயத்தை வைத்தார். மறுபடியும் விட்டபோது, திறந்த எஞ்சினின் குரோமியம் விளக்கொளியில் மின்ன, குமிழிக்குள் கைப்பிடியும் இருக்கையும் தெளிவாகத் தெரிய, கார் திருப்பங்களைச் சாவதானமாகக் கடந்து சென்றது. எங்கிருந்து பார்த்தும் மோட்டார் இருக்கும் இடம் எனக்குப் புலப்படவில்லை.

பழைய மாடல்களை இப்படி மாற்றுவது பாவம் என்று சொல்லும் சேகரிப்பாளர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். பெட்டி பிரிக்காத 1963ஆம் வருஷத்து மாடலை அரத்துக்கும் ரம்பத்துக்கும் இரையாக்குவது அக்கிரமம்தான். ரெவெல் அதே அச்சிலிருந்து பின்னாளில் மறுபடியும் மாடல்களை வெளியிட்டிருக்க, அப்படிச் செய்ய அவசியமும் இல்லை. ஆனால் பசை வழிந்து, டயர் அரித்து, எவருடைய கொட்டகையிலோ மக்கிக்கொண்டிருந்த ஒன்றை எடுத்து, அதன் உருவத்துக்குப் பங்கமில்லாமல் ஓடவைப்பவர்கள் அதற்கு நன்மையே செய்கிறார்கள் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

இந்த வேலையில் இறங்க எண்ணுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உடலின் உட்புறத்தில் வார்ப்போடு வந்த தூண்களை வெட்டாதீர்கள். புதிய சட்டத்தை அவற்றுக்குத் தக்கபடி அமைத்துக்கொள்ளுங்கள். பழைய சட்டம், டயர், குமிழி எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். நாளை வேறொருவர் கையில் அந்த மாடல் சேர்ந்து, அவர் அதை மறுபடியும் அலமாரியிலேயே நிறுத்த விரும்பினால், கம்பி முனைகளைக் கழற்றி அரைமணி நேரத்தில் நிறுத்திவிட முடியவேண்டும்.