நின்ற வண்டிக்கு நற்சான்று

கோவை பீளமேட்டுக்குப் பின்னால், லேத் பட்டறைகளும் மோட்டார் ரீவைண்டிங் கடைகளும் நெருக்கியடிக்கும் தெரு ஒன்றில் அந்த ஷெட் இருக்கிறது. உள்ளே கிரீஸ் வாசனையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தரையில் பதித்த உருளைகள், எதிரே ஆளுயரக் காற்றாடி, மேசைமேல் மடிக்கணினிகள். காரின் எஞ்சினை ஆட்டிவைக்கிற கணினியை, அதாவது ஈசியுவை, மாற்றி எழுதும் இடம் இது. தொழிலில் இதற்கு ரீமேப் என்று பெயர்.

இந்த ஊரில் இப்படியொரு தொழில் முளைத்ததில் வியப்பில்லை. ஃபார்முலா மாருதி பந்தயக் காரைக் கட்டிய கரிவரதனின் ஊர். செட்டிபாளையம் ஓடுகளம் அவர் பெயரில்தான் இருக்கிறது. நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் போனதும் இங்கிருந்துதான். அந்தத் தலைமுறை மெக்கானிக்குகள் கார்புரேட்டர் ஜெட்டைப் பெரிதாக்கினார்கள், சிலிண்டர் ஹெட்டைத் தேய்த்தார்கள். அடுத்த தலைமுறை ஒயரைச் செருகுகிறது.

நான் போன அன்று உருளைமேல் நின்றது ஒரு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 2017-இல் இந்தியாவுக்கு வந்த மாடல். வெளியே நாலு கதவுக் குடும்பக் கார். உள்ளே 2 லிட்டர் டர்போ, 230 குதிரைத்திறன். கொண்டுவந்தவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் இளைஞர். அவருக்கு முன்னூறு வேண்டும்.

"பவரை யார் வேணும்னாலும் கூட்டிரலாங்க சார். எஞ்சின் உருகாம கூட்டறதுதான் வேலை" என்றார் ஷெட்டை நடத்தும் ட்யூனர். யாரோ இணையத்தில் இறக்கிய மேப்பை ஏற்றிப் பிஸ்டன் ஓட்டையான ஒரு வண்டியின் மிச்சத்தை அலமாரியில் வைத்திருக்கிறார். கேட்பவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார்.

உதவிக்கு இருக்கும் தம்பி பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவர். கோப்பின் எண்களைத் திருத்தும் ஹெக்ஸ் எடிட்டரைப் பழகியது இங்கே வந்துதான். எதையும் தொடுவதற்கு முன் பேட்டரிக்கு சார்ஜரை மாட்டினார். எழுதிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் விழுந்தால் ஈசியு செத்துவிடுமாம். பிறகு ஸ்டீயரிங்குக்குக் கீழே, எஞ்சின் கோளாறு பார்ப்பதற்காக இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஒயரைச் செருகி, கம்பெனி எழுதிய மூலக் கோப்பை எடுத்துப் பத்திரப்படுத்தினார். அது கையில் இருந்தால்தான் காரைப் பழையபடி ஆக்க முடியும்.

திரையில் விரிந்தது எண்களின் காடு. மேப் என்பது இதுதான். ஒரு பக்கம் எஞ்சின் வேகம், இன்னொரு பக்கம் சுமை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கட்டளை. எப்போது தீப்பொறி, டர்போ எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும், எவ்வளவு பெட்ரோல். சுத்தப் பெட்ரோல் முழுக்க எரிய, ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்த நிலைதான் லாம்டா 1. புகைக் குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் ஒருசேர அடக்குவது இந்தப் புள்ளியை ஒட்டித்தான். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் கதை வேறு. சூட்டைத் தணிக்க எஞ்சின் கூடுதல் பெட்ரோல் குடிக்கும், லாம்டா ஒன்றுக்குக் கீழே இறங்கும், கார்பன் மோனாக்சைடு ஏறும். கம்பெனி மேப்களிலும் இது உண்டு. ரீமேப்காரர் புழங்குவது பெரும்பாலும் இந்தப் பகுதியில்.

இங்கேதான் ட்யூனரின் கைத்திறனைப் பார்த்தேன். ஐரோப்பாவில் எழுதப்படும் மேப்கள் அங்கத்திய 98 ஆக்டேன் பெட்ரோலை நம்பி இருப்பவை. நம் பங்க்கில் வழக்கமாகக் கிடைப்பது அதைவிடக் குறைவு. போதாததற்கு 20 சதவீத எத்தனால் வேறு. எத்தனால் கலந்தால் காற்றுக் கணக்கும் மாறும். மேலே கோவையின் மே மாத வெயில். ஆக்டேன் பற்றாமல் தீப்பொறியை முன்னுக்கு இழுத்தால் சிலிண்டருக்குள் பெட்ரோல் வெடித்துத் தட்டும். நாக் என்பார்கள். பிஸ்டனைத் தின்பது அதுதான்.

காரைப் பட்டைகளால் இறுக்கிக் கட்டினார்கள். காற்றாடி ஓடத் தொடங்கியதும் பேச்சு கேட்கவில்லை. உருளைமேல் சக்கரம் சுழல, எஞ்சின் சத்தம் தகரக் கூரையை அதிரவைத்தது. தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "மூணாவது சிலிண்டர் தட்டப் பாக்குதுங்ணா" என்று கத்தினார். ட்யூனர் தீப்பொறியை ஒரு டிகிரி பின்னுக்கு வாங்கி மறுபடி எழுதினார், மறுபடி ஓட்டினார், காற்றின் வெப்பத்தைப் பார்த்தார், டர்போ அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். குதிரைத்திறன் 280-ஐத் தாண்டியதும் மடிக்கணினியை மூடிவிட்டார். திருப்பூர்க்காரர் முகத்தைச் சுளித்தார். "இந்தப் பெட்ரோலுக்கு இவ்வளவுதாங்க" என்பதற்குமேல் பதில் இல்லை.

இளைஞர் விடவில்லை. கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை எடுத்துவிட்டு, டேஷ்போர்டில் விளக்கு எரியாதபடி செய்து தரச் சொன்னார். கன்வர்ட்டருக்குப் பின்னாலுள்ள ஆக்சிஜன் சென்சார் அதைக் காட்டிக்கொடுக்கும். மென்பொருளில் அந்தச் சென்சாரின் வாயை அடைத்துவிடலாம். இதைச் செய்து தருகிற கடைகள் உண்டு. இவர் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தார். என் கணக்கில் வேகப் பித்துக்கும் திருட்டுத்தனத்துக்கும் கோடு அந்த இடத்தில்தான்.

வண்டியின் புகைச் சான்றிதழ் காலாவதியாகியிருந்ததால், அதே காரில் பங்க்கிலிருந்த சோதனை மையத்துக்குப் போனோம். அங்கே வேலை பார்க்கும் அக்கா புகைக் குழாயில் குழலைச் செருகினார். முதலில் ஐட்லிங்: பிஎஸ் 4 பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். அடுத்து ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 சுற்றில் வைக்கச் சொன்னார், அங்கே 0.2 சதவீதம், லாம்டாவும் ஒன்றை ஒட்டி. எல்லாம் தேறியது. நம்பர் பிளேட்டைப் படமெடுத்துச் சான்றிதழை அச்சடித்து, "நல்லா வச்சிருக்கீங்க வண்டிய" என்றார்.

அவர்மேல் குற்றமில்லை. ட்யூனர் எழுதியதெல்லாம் சுமையேறி ஓடும் காருக்கு; அக்கா அளந்தது நின்ற இடத்தில் உறுமும் காரை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஓட்டக்காரருக்கு நாடி பார்ப்பது போன்ற சோதனை இது. கன்வர்ட்டரைக் கழற்றியிருந்தால் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. மென்பொருளைத் தொட்டதை இந்தக் குழல் ஒருநாளும் கண்டுபிடிக்காது.

ஷெட்காரர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. சோதனை நடப்பதை மோப்பம் பிடித்து அப்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருளை டீசல் கார்களில் எழுதிய ஃபோக்ஸ்வாகன் 2015-இல் அமெரிக்காவில் பிடிபட்டது. இந்தியாவிலும் 3,23,700 கார்களைத் திரும்ப அழைப்பதாக அந்த நிறுவனம் அறிவித்தது.

சட்டம் இல்லாமலும் இல்லை. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ உண்டு. பார்க்கக் கருவி இல்லாத மாற்றத்துக்கு அபராதம் எழுதுவது யார்?

கலிஃபோர்னியாவில் 2021 ஜூலை முதல் புகைச் சோதனையின்போதே ஓபிடி சாக்கெட் வழியாக மென்பொருளையும் பார்க்கிறார்கள். கம்பெனி எழுதியதாகவோ மாநிலக் காற்று வாரியம் அனுமதித்ததாகவோ இல்லாவிட்டால் கார் தேறாது. அங்கே ட்யூனர் தன் மேப்பைச் சோதனைக்குக் கொடுத்து அனுமதி எண் வாங்கவும் வழி இருக்கிறது. நம் புகைச் சோதனை மையங்களில் கணினியும் இணையமும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றோடு ஓர் ஓபிடி ஒயரையும் உற்பத்தியாளர்களின் மென்பொருள் எண் பட்டியலையும் போக்குவரத்துத் துறை கொடுக்கட்டும். கன்வர்ட்டரைத் தொட மறுக்கும் ட்யூனர்கள் புனேயின் ஏஆர்ஏஐ போன்ற வாகனச் சோதனை நிலையங்களில் தங்கள் மேப்பைச் சோதித்து அனுமதி பெறவும் வழி செய்யட்டும்.