தேரைத் தேடிய ஒரு வாரம்

திங்கள்

மாலை நான்கு மணிக்கு ஒரு பத்திரிகையிலிருந்து போன் வந்தது. ஆழித்தேர் படங்கள் பத்து வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள். திருவாரூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அந்தப் புகைப்படக்காரர், "இன்னிக்கு ராத்திரியே அனுப்பிடறேன் சார்" என்றார். அந்தத் தைரியத்துக்குக் காரணம் உண்டு. இருபது வருடமாக ஒரு தேரோட்டத்தையும் அவர் விட்டதில்லை. 96 அடித் தேர் வீதி முனையில் திரும்புவது, வடம் பிடிப்பவர்களின் உள்ளங்கைகள், சக்கரத்துக்கு அருகே குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவர்கள் என எல்லாமே கணினியில் இருக்கின்றன. அதுவும் படநூலக மென்பொருளில், குறிச்சொல் இட்டு.

'தேர்' என்று தட்டினார். முதலில் வந்தது வாக்குச்சாவடி வரிசை. அடுத்து வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தோளில் சுமந்துபோகும் ஊழியர். அதன் பின்னால் பிளஸ் டூ தேர்வு அறை. நடுநடுவே பக்கத்து ஊர்களின் சின்னத் தேர்கள் மூன்று நான்கு. ஆழித்தேர் ஒன்றுகூட இல்லை.

அன்றைய டைரியில் ஒரே வரி: தேர் கேட்டால் தேர்தல் வருகிறது.

செவ்வாய்

காலையில் கடை திறந்ததும் சோதனைக்காக 'கல்' என்று தேடினார். நடுகற்களைப் படமெடுக்க அலைந்த காலம் ஒன்று உண்டு. அவை வர வேண்டும். வந்தன. கூடவே பொங்கல் பானைகளும், கல்யாண வீடுகளும், கல்லூரி ஆண்டு விழாவும், நாமக்கல் கோட்டையும் வந்தன. அப்போதுதான் சங்கதி பிடிபட்டது. தேடுபெட்டியில் 'உள்ளடக்கியது' என்ற விதி இருந்தது. கொடுத்த எழுத்துகள் ஒரு சொல்லின் தலையிலோ நடுவிலோ வாலிலோ எங்கே இருந்தாலும் அது படத்தை இழுத்து வரும். பொங்கலின் வாலில் கல் இருக்கிறது, கல்யாணத்தின் தலையில் இருக்கிறது. மென்பொருள் சொன்னதைத்தான் செய்திருக்கிறது.

விதியை 'முழுச்சொல்' என்று மாற்றினார். தேர்தலும் தேர்வும் ஓடிப்போயின, சின்னத் தேர்கள் மட்டும் நின்றன. ஆழித்தேரைத்தான் இன்னும் காணோம்.

பழைய விதிக்குத் திரும்பி, புள்ளியை எடுத்துவிட்டு 'தேர' என்று தேடியது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. திரை நிறைந்தது! அண்மை வருடங்களின் ஆழித்தேர் படங்கள் சில வரிசையாக நின்றன. அவற்றுக்கு அவர் இட்டிருந்த குறிச்சொல் 'தேரோட்டம்'. நம் கண்ணுக்குத் தேரோட்டத்துக்குள் தேர் இருக்கிறது; கணினிக்கு இல்லை. யூனிகோடில் 'தேர்' என்பது நான்கு குறியீடுகள்: த, ஏகாரக் கொம்பு, ர, புள்ளி. 'தேரோட்டம்' என்பதில் ரகரத்துக்கு அடுத்து வருவது ஓகாரக் குறி. நான்காவது குறியீடு பொருந்தவில்லை, கதை முடிந்தது. தமிழில் மெய்யில் முடியும் சொல்லோடு உயிரில் தொடங்கும் சொல் புணரும்போது புள்ளி கரைந்துவிடும் என்பது பள்ளிக்கூடப் பாடம். தேடுபெட்டி பள்ளிக்கூடம் போனதில்லை.

கடைசி வரிசையில் கிணற்றடித் தேரை ஒன்று கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் பெயரிலும் 'தேர' உண்டே.

புதன்

தேடலை ஊர்ப்பெயரால் குறுக்கலாம் என்று 'திருவாரூர்' சேர்த்தார். எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையவில்லை. தனியாக 'திருவாரூர்' என்று தேடிப் பார்த்தால் நூலகத்தில் உள்ள எல்லாப் படமும் வருகிறது. ராமேசுவரத்துக் கடலும் திருவாரூராம்.

இதற்கு விடை கிடைக்க அரை நாள் ஆனது. தேடல் 'எல்லாப் புலங்களிலும்' என்று வைக்கப்பட்டிருந்தது. அதாவது குறிச்சொல்லில் மட்டுமல்ல, கோப்பின் பெயர், படவிளக்கம், உரிமையாளர் விவரம் எல்லாவற்றிலும் மென்பொருள் துழாவுகிறது. படங்களைக் கேமராவிலிருந்து இறக்கும்போதே தன் பெயரும் கடை முகவரியும் ஒவ்வொன்றிலும் பதியும்படி அவர் என்றோ அமைத்து வைத்திருந்தார். முகவரியின் கடைசிச் சொல் திருவாரூர். நல்ல பழக்கம்தான், படம் களவு போனால் சாட்சி சொல்லும். தேடலைக் குறிச்சொல் புலத்துக்குள் அடைத்ததும் ராமேசுவரம் விடைபெற்றது.

பழைய பெயரைச் சொல்லிப் பார்ப்போமே என்று 'ஆரூர்' தேடினார். ஒன்றுமில்லை. 'வாரூர்' என்பதில் இருப்பது வகரமும் காலும்தான், 'ஆ' என்ற தனியெழுத்து ஏது?

வியாழன்

முதல் பத்து வருடப் படங்கள் இன்னும் வரவில்லை. கையால் கோப்புறையைத் திறந்தால் படம் இருக்கிறது, அதில் 'தேர்' என்ற குறிச்சொல்லும் பளிச்சென்று தெரிகிறது. தேடினால் மட்டும் இல்லை. நட்சத்திர மதிப்பீட்டை வைத்துப் படங்களை மறைக்கும் வடிகட்டி ஏதாவது மறந்துபோய் இயங்குகிறதா என்றும் பார்த்தாயிற்று.

சாயங்காலம் அக்கா மகன் வந்தான். அந்தக் குறிச்சொல்லை நகலெடுத்து வெற்றுப் பக்கத்தில் ஒட்டி, பின்னழி விசையை ஒருமுறை தட்டினான். 'தேர' என்று நிற்க வேண்டியது 'தோ' என்று நின்றது.

"மாமா, இதுல 'ர'வே இல்ல. காலைப் போட்டு அதுக்கு மேல புள்ளி வச்சிருக்கு."

யூனிகோடு பரவுவதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு நடந்த காலம் அது. ர் வேண்டிய இடத்தில் துணைக்காலைத் தட்டிப் புள்ளி வைப்பது பலருக்குக் கைப்பழக்கம். தாளில் அச்சானால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பின்னாளில் மாற்றி மென்பொருள் அதைக் கண்டபடியே யூனிகோடாக்கியது: கொம்பு, த, கால் மூன்றும் சேர்ந்து 'தோ', அதன் தலையில் ஒரு புள்ளி. 'தோ்' என்றும் 'தேர்' என்றும் அருகருகே வைத்தாலும் கண் ஏமாறும். குறியீடுகளை ஒப்பிடும் இயந்திரம் ஏமாறாது. படநூலகங்களில் காணாமல்போகும் தமிழ்ச் சொற்களில் இப்படிப்பட்டவை எத்தனையோ!

இன்னொரு கூத்தும் அன்றைக்கே வெளிப்பட்டது. குறிச்சொல் பட்டியலில் 'திருவாரூர் ஆழித்தேரோட்' என்று பாதியில் அறுந்த ஒன்று கிடந்தது. செய்தி நிறுவனங்களுக்காக 1965ல் லண்டனில் தொடங்கிய ஐபிடிசி அமைப்பு, படத்துக்குள் விவரங்களைப் பதிய வகுத்த பழைய தரத்தில் ஒரு குறிச்சொல்லுக்கு இடம் 64 பைட்தான். ஆங்கிலத்தில் அது 64 எழுத்து, தாராளம். யூடிஎஃப் 8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் தின்னும். 21 குறியீட்டோடு இடம் தீர்ந்துவிடும். 'திருவாரூர் ஆழித்தேரோட்டம்' 73 பைட். ஒன்பது பைட் கத்திரியில் போயிற்று. 2001ல் அடோபி கொண்டுவந்த எக்ஸ்எம்பி முறையில் இந்த வரம்பு இல்லை. ஆனால் பழைய புலத்தை மட்டும் எழுதிய ஒரு மென்பொருளை அவர் சில காலம் பயன்படுத்தியிருந்தார்.

வெள்ளி

முதல் வேலையாகப் பட்டியல் கோப்பை அப்படியே வெளி வன்தட்டுக்கு நகலெடுத்தார். பிறகு 'தோ்' குறிச்சொல்லைத் தேர்ந்தெடுத்து, பெயரைச் சரியாகத் தட்டி, 'தேர்' உடன் இணைத்தார். ஒரே சொடுக்கு, பத்து வருடம் திரும்பி வந்தது. நீளமான குறிச்சொல்லை உடைத்து 'ஆழித்தேர்', 'தேரோட்டம்' என்று இரண்டாக்கினார். 'ஆரூர்' என்பதைத் திருவாரூருக்கு இணைச்சொல்லாகச் சேர்த்தார். தேரையைத் 'தவளை' என்று மாற்றலாமா என்று மருமகன் கேட்டதற்கு, அது தவளை இல்லையே என்று மறுத்துவிட்டார்.

மாலை ஐந்து மணிக்குப் பத்துப் படங்கள் போய்ச் சேர்ந்தன. சற்று நேரத்தில் பத்திரிகையிலிருந்து பதில் வந்தது: "தோ் படங்கள் கிடைத்தன. நன்றி."

அவர் முதல் சொல்லை நகலெடுத்துத் தேடுபெட்டியில் ஒட்டி, பின்னழி விசையை ஒருமுறை தட்டினார்.

'தோ.'