ராகித் தொட்டி

ஜூன் 18, 2025, புதன்

இந்தப் பள்ளியில் மணி என்பது கயிற்றில் தொங்கும் தண்டவாளத் துண்டு. அதை அடித்ததும் மூன்றாம் வகுப்புப் பையன் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் புகுந்துவிடுகிறான். "எல்லாம் அடம் டீச்சர்" என்கிறார் வகுப்பாசிரியர். ஆட்டிசம் உள்ள பிள்ளை அவன். நமக்குக் காதோடு போகிற சத்தம் அவனுக்கு உடம்பெல்லாம் குத்துகிறது. ஓசூர் சிப்காட் ஓரத்துப் பள்ளி வேறு: ஷிப்ட் பஸ் ஹாரன், ஜல்லி லாரி, பக்கத்து லேத் பட்டறை. வீட்டில் ஒடியா, தெருவில் தெலுங்கும் கன்னடமும், வகுப்பில் தமிழ். பாவம், எதைத்தான் கேட்பான்?

ஜூலை 3, வியாழன்

ஒரு கம்பெனி தன் சிஎஸ்ஆர் பணத்தில் வேறொரு பள்ளிக்குக் கட்டிக்கொடுத்த சென்சரி அறையை, அதாவது இப்படிப்பட்ட பிள்ளைகளின் புலன்களை அமைதிப்படுத்தும் அறையை, பார்த்தேன். நீர்க்குமிழி எழும் கண்ணாடித் தூண், நிறம் மாறும் விளக்கு, மெத்தை. அழகுதான். ஆனால் பூட்டியே கிடக்கிறது; சாவி பீரோவில். யாராவது பார்க்க வந்தால் திறப்பார்களாம்.

1970களில் நெதர்லாந்தில், ஹார்ட்டன்பெர்க் என்ற மையத்தில், யான் ஹல்செக், அட் வெர்ஹூல் என்ற இருவர் இப்படியோர் அறையை வளர்த்தெடுத்தார்கள். கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் அங்கே தமக்குப் பிடித்ததைத் தொட்டு, பார்த்து, சும்மா இருக்கலாம். யாரும் பாடம் நடத்தமாட்டார்கள். அங்கே அந்த அறைக்கு உயிர் கொடுத்தது கூட இருந்த ஆள். நாம் விளக்கை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

ஜூலை 25, வெள்ளி

எங்கள் பள்ளியில் பழைய நோட்டுகள் கிடந்த ஸ்டோர் ரூமைக் காலி செய்தோம். ஜன்னலுக்குப் பழைய போர்வை, உத்தரத்தில் சேலைத் தூளி, ஒரு பிளாஸ்டிக் தொட்டி நிறைய ராகி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ராகிக்கா பஞ்சம்!

அந்த மூன்றாம் வகுப்புப் பையன் முதலில் ஒரு விரலை விட்டான். பிறகு முழங்கைவரை. ஒரு பிடி அள்ளிப் புறங்கையில் மெல்ல ஊற்றி, மணிகள் உருள்வதையே பார்த்துக்கொண்டிருந்தான். தோள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் தானாக எழுந்து வகுப்புக்குப் போனான். இன்னொரு பெண்ணுக்கு ராகி பட்டாலே கூசுகிறது. அவளுக்குத் தூளி போதும். ஒருவருக்கு மருந்தாவது மற்றவருக்குத் தொந்தரவு. கதவைச் சாத்துவதில்லை என்று வைத்திருக்கிறோம். தண்டனைக்கு அடைக்கும் இடமாக இது மாறிவிடக் கூடாது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

"இதுல உக்காந்தா சரியாயிடுமா அக்கா?" என்று அந்தப் பையனின் அம்மா கேட்டார். ஆட்டிசம் போகாது, பதற்றம் தணியும், அவ்வளவுதான் என்றேன். பெங்களூரில் ஓசூர் ரோட்டிலேயே நிம்ஹான்ஸ் இருக்கிறது. ஆனால் போய்வந்தால் ஒருநாள் கூலி போகிறது. அங்கே விமான நிலையத்தின் 2ஆவது முனையத்தில்கூட இந்த ஆண்டு சென்சரி அறை திறந்திருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. பஸ்ஸில் போகிற பிள்ளைக்கும் அதே உரிமைதான்.

ஓசூர்க் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை விளக்குத் தூண் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுக்குச் சம்பளம் கொடுங்கள். ராகி நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.