ஹெரால்டு காரும் ஒரு வாய் பெட்ரோலும்

இது கொஞ்சம் நீளமான த்ரெட். பழைய கார் பைத்தியம் உள்ளவங்களுக்கு பாதி, இல்லாதவங்களுக்கு பாதி. காரே பிடிக்காதுன்னா நடுவுல பெட்ரோல் டியூப் வர்ற இடத்தை மட்டும் படிச்சுட்டுப் போங்க. அது உங்க வீட்டுக்கும் தேவைப்படும்.

சில மாதங்களுக்கு முன்னால ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கினேன். 1960-கள் மாடல், ரெண்டு கதவு வண்டி. கடலூர் பக்கம் ஒரு வீட்டுக் கொட்டகையில பல வருஷமா நின்னது. நாலு டயர்லயும் காத்து இல்ல. பின் சீட்டுக்குள்ள எலி குடித்தனம் நடத்தியிருந்தது. டெம்போவுல ஏத்தி நெய்வேலி ஆர்ச் கேட் உள்ளே கொண்டு வந்தப்போ எங்க வட்டத்துப் பசங்க மொத்தமும் பின்னாலயே ஓடி வந்துச்சு. வீட்டம்மா வாசல்ல நின்னு பார்த்துட்டு, "ஸ்போர்ட்ஸ் கார்னீங்க, இது என்னங்க?" என்றார்.

நியாயமான கேள்விதான். பதில் இதுதான்.

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு டிரையம்ப் கம்பெனி 1959-ல் டிரையம்ப் ஹெரால்டை வெளியிட்டது. வடிவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலோட்டி. அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் சேஸிஸும் பாடியும் ஒன்றாக இருக்கும் ஒரே கூட்டுக்கு மாறிக்கொண்டிருந்தன. இவர்களால் முடியவில்லை. இவர்களுக்கு பாடி அடித்துக் கொடுத்துவந்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது! அதனால் தனி சேஸிஸ் போட்டு, அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டினார்கள். அதே சேஸிஸைக் கொஞ்சம் குறுக்கித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. ஆக, என் வண்டிக்கு சட்டைதான் வேறு. எலும்பு ஸ்பிட்ஃபயர் எலும்பு.

நம்ம ஊர்ல 1961-ல இருந்து இதைச் செய்தது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, சென்னைக்கு வெளியே வண்டலூர்ல. 948 சிசி இன்ஜின். அப்புறம் நாலு கதவு மார்க் 3, அப்புறம் கெஸல். 1985-ல ஸ்டாண்டர்டு 2000 போட்டாங்க, அது விலைபோகல. 1988-ல தொழிற்சாலையை மூடிட்டாங்க. அப்பா தலைமுறை ஆட்கள்கிட்ட ஹெரால்டுன்னு சொல்லிப் பாருங்க, ஏதாவது ஒரு கதை வரும்.

இந்த வண்டியோட அழகே பானெட்தான். மட்கார்டு, ஹெட்லைட் எல்லாத்தையும் சேர்த்து முன்பக்கம் முழுசும் அப்படியே முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். முன் டயர் மேலயே உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். ஆபரேஷன் தியேட்டர்ல கூட இவ்வளவு நல்ல எக்ஸ்போஷர் கிடைக்காது.

சரி, என் திட்டத்துக்கு வர்றேன். ஸ்பிட்ஃபயர் மாதிரி ரெட்டை கார்ப்பரேட்டர். அகலமான வீல். கொஞ்சம் உறுமுற சைலன்சர். வண்டி ஸ்டார்ட் கூட ஆகல, அதுக்குள்ள நோட்டுல பட்டியல் போட்டாச்சு.

முதல் வேலை டேங்க்கைக் காலி செய்வது. வருஷக்கணக்கா கிடந்த பெட்ரோல் பெட்ரோலா இருக்காது. வார்னிஷ் வாடை அடிக்கும், பிசுபிசுன்னு இருக்கும். அதோட இன்ஜினை ஓட்டினா வால்வு ஒட்டிக்கும். ஹெரால்டுல டேங்க் டிக்கிக்குள்ள இருக்கு. எனக்கு உதவிக்கு வந்தது ஒரு மெக்கானிக் தம்பி, இருபத்திரண்டு வயசு, கை சுத்தமான வேலைக்காரன். ஞாயிற்றுக்கிழமை காலை. எனக்கு மதியம் டியூட்டி.

"பம்ப் எடுத்துட்டு வரவா சார், கடைல இருக்கு" என்றான்.

"அதுக்கு ஒரு மணி நேரம் ஆகுமேப்பா" என்றேன் நான்.

அவ்வளவுதான் சொன்னேன். அவன் டியூபை டேங்க்குக்குள்ள விட்டு, மறுமுனையை வாயில வெச்சு உறிஞ்சினான். நீங்களும் ரோட்டோரத்துல நூறு தடவை பார்த்திருப்பீங்க. நானும் பார்த்துட்டே நின்னேன். ஒரு வாய் உள்ள போயிடுச்சு. இருமினான், கண்ல தண்ணி. பக்கத்து வீட்டு அம்மா உப்புத் தண்ணி கரைச்சு எடுத்துட்டு ஓடி வந்தாங்க, வாந்தி எடுக்க வைக்க. நான் தடுத்தேன். அன்னிக்கு டாக்டரா நான் செஞ்சது அது ஒண்ணுதான்.

வாய் கொப்பளிச்சான். "ஒண்ணும் இல்ல சார்" என்றான். இருமல் மட்டும் விட்டு விட்டு வந்துட்டு இருந்தது. பைக் எடுத்துட்டு வீட்டுக்குப் போனான். நான் விட்டேன்.

விட்டிருக்கக் கூடாது. ஏன்னு சொல்றேன்.

பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர், டர்பன்டைன் இதெல்லாம் தண்ணியை விட இலகுவாகப் பரவுகிற திரவங்கள். ஒரு வாய் விழுங்கினால் பெரும்பாலும் வயிற்றுக்கு வரும் ஆபத்தைவிட நுரையீரலுக்கு வரும் ஆபத்துதான் பெரிது. விழுங்கும்போதோ, வாந்தி எடுக்கும்போதோ சில துளி மூச்சுக்குழாய்க்குள் நழுவினால் போதும், படலம் மாதிரி உள்ளே பரவும். நுரையீரலின் குட்டிக் காற்றறைகள் சுருங்கி ஒட்டாமல் காப்பதற்கு உள்ளே ஒரு வழவழப்பான பூச்சு இருக்கிறது. அதை இது கெடுத்துவிடும். காற்றறைகள் ஒட்டும், வீங்கும், ஆக்சிஜன் இறங்கும். கிருமியே இல்லாமல் வருகிற நிமோனியா இது. கெமிக்கல் நிமோனைட்டிஸ் என்போம்.

அதனாலதான் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. உப்புத் தண்ணி, முட்டை, சோப்புத் தண்ணி, தொண்டைக்குள்ள விரல், எதுவும் வேண்டாம். முறிவுக்குன்னு குடம் குடமா பால் ஊத்தறதும் வேண்டாம், அதுவும் வாந்தியில தான் முடியும். சட்டையில கொட்டியிருந்தா கழற்றி, தோலை சோப்பு போட்டுக் கழுவுங்க. உடனே ஆஸ்பத்திரி.

இருமல், மூச்சு வாங்கல், மயக்கம் எதுவுமே இல்லாதவங்களைக் கூட ஆறு மணி நேரம் கண்காணிப்புல வெச்சுத்தான் அனுப்புவோம். உடனே எடுத்த எக்ஸ்ரே சுத்தமா இருக்கலாம், அதை நம்பக் கூடாது. மாற்றம் தெரிய சில மணி நேரம் ஆகும். விழுங்கின பிறகு விடாம இருமல் இருந்தா ஏற்கெனவே உள்ள போயிருக்குன்னு அர்த்தம். என் தம்பி இருமிட்டேதான் பைக் ஸ்டார்ட் பண்ணான்.

ராத்திரி பத்து மணிக்கு அவன் அம்மா போன். காய்ச்சல், மூச்சு வேகமா விடறான், நெஞ்சு வலிக்குதுங்கிறான். கொண்டு வந்தப்போ சாச்சுரேஷன் 90. எக்ஸ்ரேயில ரெண்டு பக்கமும் அடிப்பகுதியில வெள்ளைத் திட்டு. ஆக்சிஜன் வெச்சோம். இதுக்கு மாற்று மருந்துன்னு ஒண்ணு கிடையாது. நுரையீரல் தானா ஆறுற வரைக்கும் தாங்கிப் பிடிக்கணும், அவ்வளவுதான். ஸ்டீராய்டு போட்டா சரியாயிடும்னு சிலர் சொல்வாங்க, அதுக்கு ஆதாரம் இல்ல. ரெண்டாம் நாள் ராத்திரி வென்டிலேட்டர் தேவைப்படுமோன்னு பயந்தேன். தேவைப்படல. ஆறாம் நாள் வீட்டுக்குப் போனான்.

அந்த ரெண்டாம் நாள் ராத்திரி வார்டு வெளியே அவன் அம்மா என்கிட்ட கேட்டது: "நீங்க பக்கத்துலதானே சார் நின்னீங்க?"

கோபமா கேட்கல. தெரிஞ்சுக்கத்தான் கேட்டாங்க. ஆமாம்மான்னு சொன்னேன்.

நாலு வாரம் வண்டி மேல தார்ப்பாய் போட்டு மூடியே வெச்சிருந்தேன். வித்துடலாம்னு கூட நினைச்சேன். அப்போதான் எங்க வட்டத்துல இருக்கிற ஓய்வுபெற்ற ஃபிட்டர் அண்ணன் ஒருத்தர் சாயங்கால நடைக்குப் போறவர் உள்ள வந்தார். சுரங்கத்துல 1400 லிட்டர் பக்கெட் வீல் மெஷினுக்கு வேலை பார்த்தவர். நெய்வேலியில வசிக்கிறதுல ஒரு லாபம் இது. எந்தத் தெருவுல கூப்பிட்டாலும் இரும்போட பேசத் தெரிஞ்ச ஒரு பெரியவர் வெளியே வருவார்.

வண்டியோட வந்த பழைய கையேட்டு ஜெராக்ஸை வாங்கிட்டுப் போனார். மூணு நாள் படிச்சார். நாலாம் நாள் ஜாக்கி போட்டு முன் வீலைக் கழற்றி, கீழே ஒரு இடத்தைக் காட்டினார். "டாக்டர், இதுல கிரீஸ் அடிச்சிருக்கான். புத்தகத்துல ஆயில்னு போட்டிருக்கு."

டிரன்னியன்னு ஒரு பாகம். முன் வீலைத் தாங்குற செங்குத்து இரும்புத் தண்டின் அடியில் மறை வெட்டியிருக்கும். அது இந்த வெண்கலத் துண்டுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மறைக்குள்தான் திரும்பும். இதுக்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் விடணும். கிரீஸ் கெட்டி, மறைக்குள் முழுசா இறங்காது. தண்ணி இறங்கும், துரு பிடிக்கும், தண்டு மெலியும். ஒருநாள் சந்துல மெதுவா வண்டியை ஒடிக்கும்போது படக்குன்னு முறியும், வீல் அப்படியே மடங்கிப் படுத்துக்கும். மெதுவா போகும்போது நடந்தா அதிர்ஷ்டம். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வெச்சிருக்கிற உலகத்துல எல்லாருக்கும் இது தெரியும். எனக்குத் தெரியாது. நான் ரெட்டை கார்ப்பரேட்டர் விலை பார்த்துட்டு இருந்தேன்.

கழற்றிப் பார்த்தா இடது பக்கத் தண்டுல துரு அரிச்ச பள்ளம், அதுக்குள்ள முடி மாதிரி ஒரு விரிசல். ரெண்டு பக்கமும் புதுசு இங்கிலாந்துல இருந்து வரவழைச்சேன். வில்லு, புஷ் எல்லாம் சென்னை புதுப்பேட்டையிலயே தேறுச்சு.

அன்னிக்கு அந்த நோட்டுப் பட்டியலை அடிச்சுட்டு வேற எழுதினேன். சட்டமும் அதுக்குத் தோதாத்தான் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுப்படி கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறா அடிப்படையை மாத்தக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2019-ல தெளிவா சொல்லிடுச்சு. ஐம்பது வருஷம் தாண்டின வண்டிக்கு "விஏ" எழுத்தோட விண்டேஜ் பதிவு வாங்கவும் 2021-ல இருந்து வழி இருக்கு. அதுக்கும் வண்டி பழைய வடிவம் மாறாம இருக்கணும். ஆனா அந்தப் பதிவுல தினசரி ஓட்ட முடியாது. நான் இன்னும் முடிவு பண்ணல.

அப்போ மாத்தினது என்ன? முதல்ல பெட்ரோல் ஹோஸ் எல்லாம். இப்போ பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பரை ஊற வைக்கும், ஈரத்தை இழுத்து டேங்க்கைத் துருப்பிடிக்க வைக்கும். சூடான இன்ஜின் மேல ஹோஸ் கசிஞ்சா என்ன ஆகும்னு தீக்காய வார்டு பார்த்தவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. எத்தனால் தாங்குற ஹோஸ், புது கிளிப், பக்கத்துல ஒரு தீயணைப்பான். (ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்த வால்வு சீட் இது, 2000 பிப்ரவரிக்கு அப்புறம் நாட்டுல ஈயம் கிடையாது. ஹெட்டைத் திறக்கும்போது கெட்டியான சீட் போட்டுக்கலாம். குழந்தைகள் மூளைக்கு ஈயம் போனது நல்லது, என் வால்வு தேஞ்சா தேயட்டும்.)

அப்புறம் சீட் பெல்ட். வண்டியில இல்லவே இல்ல. தகட்டுல ஓட்டை போட்டு மாட்டினா இடிக்கும்போது தகடோட பிய்ஞ்சு வரும். அண்ணன் தடிச்ச பிளேட் வெட்டி, அடியில சேஸிஸோட சேர்த்துப் பிடிச்சார்.

பின் வீல் விஷயம் தனி. ஹெரால்டுல பின் ஆக்சில் நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் ஊசலாடும். வளைவுல வேகமா நுழைஞ்சு, பயந்து சட்டுன்னு ஆக்ஸிலரேட்டரை விட்டா, வெளிப்பக்க வீல் உள்நோக்கி மடங்கி வால் பிடுங்கிக்கும். கெஸல்ல சாதாரண ஆக்சிலுக்கு மாறினாங்க. இதுக்கு நான் எதுவும் மாத்தல. அகல வீல் ஆசையை விட்டுட்டேன். டவுன்ஷிப் ரோடு நேர் ரோடு, வேகத்தடை வேற அடிக்கு ஒண்ணு.

தம்பி திரும்பி வந்தான். மூச்சு பழையபடி ஆயிடுச்சு. முதல் நாளே பிரேக் டிரம்மைக் கழற்றி, கம்ப்ரசர் ஹோஸை எடுத்து தூசியை ஊதப் போனான். இந்த முறை நான் கையைப் பிடிச்சுட்டேன். பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்குள்ள போய் இருபது, நாற்பது வருஷம் கழிச்சுக் கூட கேன்சரா வரலாம். ஈரத் துணியால ஒத்தி எடுத்து, துணியோட கவர்ல கட்டிப் போட்டோம். அண்ணன் பார்த்துட்டே இருந்தவர், "நாங்க எத்தனை வருஷம் ஊதியிருக்கோம் தெரியுமா" என்றார். அவருக்கு அடுத்த வாரம் எக்ஸ்ரே எடுத்தேன். நல்லா இருக்கு.

டேங்க்ல மிச்சம் இருந்த பெட்ரோலை சில நூறு ரூபாய் கைப்பம்ப் வெச்சு பத்து நிமிஷத்துல எடுத்தோம்.

வண்டி இப்போ ஓடுது. வடலூர் வரைக்கும் ஒரு தடவை போயிட்டு வந்தோம். பிரேக் மட்டும் இன்னும் திருப்தி இல்ல, மாஸ்டர் சிலிண்டர் கிட் வந்திருக்கு, இந்த ஞாயிறு மாத்தணும். நேத்து தம்பியோட அம்மா போன் பண்ணி, "ஞாயித்துக்கிழமை நீங்களும் கூட இருப்பீங்கல்ல சார்?" என்றார்கள். இருப்பேன்னு சொன்னேன். மதியம் டியூட்டியை மாத்திக்கிட்டேன்.