குரோசிய நாட்டு அடுப்படிகள்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய அரண்மனைக்குத்தான் செல்லவேண்டுமென்பதில்லை; அடுப்படிக்குச் சென்றாலும் போதும். அதிரியாட்டிக் கடலோரத்தே பிறைபோல வளைந்து கிடக்கும் குரோசியா, நம் இலங்கையிலும் பரப்பிற் சிறியது. ஆயினும், அங்கே வட்டாரத்துக்கொரு சுவை உண்டு. அவற்றுட் சிலவற்றை இங்கு நோக்குவோம்.

வடக்கே சாகோரியேக் குன்றுகளில் 'ஷ்ட்ருக்லி' செய்கின்றனர். கோதுமை மாவை மெல்லிதாக இழுத்து, புதிய பாற்கட்டியை உள்ளே வைத்துச் சுருட்டித் துண்டமாக்கி, நீரில் அவித்தோ போறணையிற் சுட்டோ உண்பர். கிழக்கே சிலவோனியச் சமவெளியில் செம்மிளகாய்த் தூளே அரசு செலுத்துகின்றது. ஆற்றுமீன் குழம்பும் அதனாற் சிவக்கும். பன்றியிறைச்சியைக் குடலில் அடைத்துப் புகையூட்டி, மாதக்கணக்கில் உலர்த்தும் 'குலென்' என்பதும் சிவக்கும். ஹங்கேரியுடன் 1918 வரை நீடித்த உறவின் நிறம் அது.

தெற்கே டல்மேசியாவிற்கு இறங்கினால் ஒலிவ எண்ணெயும் மீனும் நம்மை வரவேற்கின்றன. 1797 வரை அக்கரையின் பெரும்பகுதியை ஆண்டது வெனிஸ். கணவாய் மையிற் கறுத்த சோறு, இருகரையார்க்கும் பொதுவான உணவு. பாக் தீவிலே 'பூரா' என்னும் கடுங்காற்று கடலுப்பைப் புற்களின்மேல் தூவும். அவற்றை மேயும் செம்மறிகளின் பாலிலே தனிச்சுவையுள்ள பாற்கட்டி பிறக்கின்றது. வீஸ் தீவின் விந்தையோ வேறு. உப்பிட்ட மீனை மாவுக்குள் வைத்துச் சுடும் அப்பத்திலே கோமிஜா ஊரார் தக்காளி சேர்ப்பர். வீஸ் நகரத்தார் சேர்ப்பதில்லை!

இவையனைத்தினும் நம் உள்ளத்தைத் தொடுவது பொல்யிட்சா மலைநாட்டுச் 'சொபார்னிக்'. புளிக்காத மாவின் இரு தகடுகளுக்கிடையே கீரையும் வெங்காயமும் பரப்பி, திறந்த அடுப்பிலே சாம்பலும் தணலும் மூடிச் சுடுவர். இறைச்சிக்கு வழியற்ற ஏழையின் உணவும், விரத நாளின் உணவும் அதுவே. இன்று ஐரோப்பிய ஒன்றியம் அதன் பெயருக்குப் பாதுகாப்பு வழங்கியுள்ளது.

ஆனால், பெயரைச் சட்டம் காக்கலாம். தணலின் பதத்தைக் காப்பவர் யார்? 2011இல் ஏறக்குறைய 43 இலட்சமாயிருந்த அந்நாட்டு மக்கள் தொகை, 2021இல் 39 இலட்சத்துக்கும் கீழே குறைந்துவிட்டது. இளைஞர் பலர் பிழைப்புத் தேடிப் பிறநாடு சென்றனர். எத்தனை மா, எவ்வளவு சூடு என்பதை ஏட்டில் எழுதிவிடலாம். சாம்பலைத் தட்டி, வெந்ததை அறியும் கைப்பக்குவமோ, அருகிருந்து பார்ப்பவர்க்கே வாய்க்கும். முதியவளின் பக்கத்திலே ஒரு சிறுமி அமர்ந்திருக்கும்வரை அவ்வடுப்பு அணையாது.